வாடகை மேல்மாடியில் ஒரு சின்ன ஜிம்: திருமலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்து வந்து, உப்புவெளிப் பக்கமோ உவர்மலையிலோ இரண்டு அறை மேல்மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து, "இனி வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வோம்" என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் ஜிம் வைப்பது பற்றி யூடியூப்பில் வீடியோக்களுக்குக் குறைவில்லை. ஆனால் கடற்காற்றில் இரும்பு என்ன பாடு படும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் எதற்கெல்லாம் கை வைப்பார், நடுத்தர உயரமுள்ள ஒருவர் டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கினால் மின்விசிறி எங்கே இருக்கும் என்பதை அவற்றில் யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வையுங்கள். வாடகை வீட்டு ஜிம்மில் பெரிய செலவு சாமானுக்கு அல்ல. வீட்டுக்காரர் கையில் இருக்கும் உங்கள் அட்வான்ஸ் காசுதான் பெரிய தொகை. சுவரில் ஒரு துளை, தரையில் வெடித்த இரண்டு டைல்ஸ், அவ்வளவு போதும், ஒரு சோடி டம்பெல்லின் விலை அதிலிருந்து கழிந்துவிடும். ஆகவே எதை வாங்கினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை நான் தனியாக மாடிப்படியால் இறக்க முடியுமா? இறக்கிய பிறகு வீட்டில் ஏதும் அடையாளம் மிஞ்சுமா?

1. ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள்

கையெழுத்து வைத்த நாளுக்குப் பிறகு அந்தத் தாளை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இப்போது திறவுங்கள். மூன்று இடங்களைத் தேடுங்கள்: சுவரில் ஆணி அடிப்பது, துளை போடுவது பற்றி என்ன இருக்கிறது, சேதத்துக்கு அட்வான்ஸில் கழிப்பது பற்றி என்ன இருக்கிறது, ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது.

மூன்றாவதை ஆட்கள் கவனிப்பதில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரைக்கும் உல்லாசப் பயணிகள் வரும் காலம். கடற்கரைக்குக் கிட்டிய வீடு என்றால், அந்தக் காலத்தில் அதை அறை அறையாக நாள் வாடகைக்கு விட வீட்டுக்காரருக்கு ஆசை வருவது இயல்பு. ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது என்றால், பெப்ரவரியில் பாரமான சாமான் எதையும் வாங்காதீர்கள். நீடிப்பு எழுத்தில் கிடைத்த பிறகு வாங்கலாம்.

வெறும் வாய்ப்பேச்சிலும் ஒரு துண்டுத் தாளிலும் இருப்பவர்களுக்கு இன்னொன்று: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. டம்பெல் வாங்குவதற்காக நொத்தாரிசிடம் ஓடத் தேவையில்லை. ஆனால் தாள் பலவீனமாக இருந்தால் படங்களும் மெசேஜுகளும்தான் உங்கள் பக்கம் பேசும்.

2. படம் எடுங்கள், பிறகு வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்

சாமான் வீட்டுக்குள் வருவதற்கு முதல் நாள் அறையை வெறுமையாக்கிப் படம் எடுங்கள். தரை முழுவதும், நான்கு சுவர், கதவு நிலை, ஜன்னல் கிறில். ஏற்கெனவே வெடித்த டைல்ஸ், பூச்சு உதிர்ந்த இடம், மழைநீர் ஊறிய கறை எல்லாவற்றையும் கிட்டப் போய்த் தனித்தனியாக எடுங்கள். அவற்றை வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கே அனுப்பிவிட்டால் திகதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

அதோடு ஒரு மெசேஜ். கிட்டத்தட்ட இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, முன் அறையில் உடற்பயிற்சி செய்யக் கொஞ்சச் சாமான் வைக்கிறேன். எல்லாம் சேர்த்து 60 கிலோவுக்குள். தரைக்கு றப்பர் விரிப்புப் போடுவேன். சுவரில் துளை போடமாட்டேன். காலை 6 மணிக்கு முதலும் இரவு 8 மணிக்குப் பிறகும் செய்யமாட்டேன். அறையின் இப்போதைய படங்களை இதோடு அனுப்பியிருக்கிறேன்."

"ஜிம் போடப்போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர் மனதில் வருவது டவுனில் இருக்கும் ஜிம். பத்துப் பெடியன்கள், பாட்டுச் சத்தம், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள். "நான் மட்டும்தான், கொஞ்சச் சாமான்" என்று சொன்னால் முகம் மாறாது. கீழ் வீட்டில் வீட்டுக்காரரே இருந்தால் நேரில் போய்ச் சொல்வது இன்னும் நல்லது. என்னுடைய வீட்டுக்கார அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, மேல ஏதும் போட்டு உருட்டுவீங்களோ? இவர் மத்தியானம் படுக்கிறவர்." மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு மணி வரைக்கும் அந்த அறையில் நடக்கக்கூட மாட்டேன் என்றேன். அதோடு விஷயம் முடிந்தது.

3. இடத்தை அளவுங்கள்

தரையில் 6 அடிக்கு 8 அடி வெறுமையாக இருந்தால் போதும். அளவுநாடா இல்லாவிட்டால் மல்லாந்து படுத்து இரண்டு கையையும் விரியுங்கள். கையும் காலும் எதிலும் முட்டாவிட்டால் அந்த இடம் சரி. 10 அடிக்கு 10 அடி அறையில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிவிட்டால் இந்த அளவு எப்படியும் கிடைக்கும்.

அடுத்தது மின்விசிறி. நமது வீடுகளில் கூரை 9, 10 அடி உயரத்தில் இருந்தாலும் மின்விசிறி அதிலிருந்து ஓர் அடிக்கு மேல் தொங்கும். 5 அடி 8 அங்குலம் உயரமுள்ள ஒருவர் கையை முழுதாக உயர்த்தினால் விரல்நுனி 7 அடியைத் தாண்டும். கையில் டம்பெல்லும் இருந்தால் மிச்சத்தைக் கணக்குப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பயிற்சி செய்யப்போகும் இடத்தில் நின்று, தும்புத்தடியைக் கையில் நிமிர்த்திப் பிடித்து மெல்ல உயர்த்துங்கள். தடியின் நுனி இறக்கையைத் தொடும்போது உங்கள் கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கை இன்னும் மடிந்தே இருந்தால், தடியை இன்னும் மேலே தள்ளிப் பிடித்துக் கையை முழுதாக நீட்டி, தடி கைக்கு மேல் எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று அளவுங்கள். இறக்கைக்கும் நீட்டிய கைக்கும் இடையில் ஒன்றரை அடியாவது இல்லை என்றால் தோள் பயிற்சியை இருந்தபடி செய்யுங்கள், அல்லது இறக்கை வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். கயிறடிப்பது அந்த அறையில் வேண்டாம்.

4. தரைதான் அட்வான்ஸ்

தளம் பாரம் தாங்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். கொங்கிறீற் சிலாப் என்றால் அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. வீட்டுத் தளங்களை வழமையாகச் சதுர மீற்றர் ஒன்றுக்கு 150 முதல் 200 கிலோ வரை தாங்கும் கணக்கில்தான் வடிவமைப்பார்கள். உங்கள் 60 கிலோ சாமானை ஒரே புள்ளியில் குவிக்காமல் சுவரோரமாகப் பரப்பி வைத்தால் நிரம்பிய உடுப்பு அலுமாரி அளவுக்குக்கூட அது வராது. பலகை அடித்த பழைய மேல்தளம் என்றால் கதை வேறு. அங்கே பாரம் தூக்க வேண்டாம்.

உண்மையான ஆபத்து டைல்ஸ். அதுவும் எல்லா டைல்ஸும் அல்ல, அடியில் சீமெந்துக் கலவை சரியாகப் பிடிக்காமல் வெற்றிடம் இருக்கும் டைல்ஸ். கண்டுபிடிப்பது லேசு. ஒரு நாணயத்தை எடுத்து டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்டுங்கள். நிறைவாக இருந்தால் "டிக்" என்று இறுக்கமான சத்தம் வரும். பொள்ளலாக இருந்தால் "டொக்" என்று பானையில் தட்டியதுபோல் ஒலிக்கும். பொள்ளல் டைல்ஸ்களுக்குச் சோக்கால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளுக்கு மேலே பாரம் வைக்கும் மூலை வரக்கூடாது. என்னுடைய அறையில் கதவடியில் ஒரு வரிசை முழுக்கப் பொள்ளல். அதனால் எதிர்ச் சுவருக்குப் போனேன்.

விரிப்பில் இரண்டு வகை கிடைக்கும். புதிர்த்துண்டுகள்போல் ஒன்றோடொன்று கோத்துப் போடும் நுரை விரிப்பு மலிவு, எடை இல்லை, கழுவலாம். ஆனால் 12 மில்லிமீற்றர் நுரையும் டம்பெல்லின் ஓரம் விழுந்தால் அமுங்கி, அடி டைல்ஸுக்குப் போய்விடும். உடலை மட்டும் வைத்துச் செய்யும் பயிற்சிக்கு அது போதும். றப்பர் விரிப்பு விலை கூட, பாரம் கூட, முதல் இரண்டு கிழமை வாடையும் அடிக்கும். மொட்டைமாடி நிழலில் சில நாள் காயவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். காசு குறைவு என்றால் நடுவழி ஒன்று உண்டு: அறை முழுக்க நுரை, பாரம் வைக்கும் இடத்துக்கு மட்டும் 2 அடிக்கு 2 அடி றப்பர் இரண்டு துண்டு.

பிளைவூட் பலகையை அடியில் போடச் சொல்வார்கள். மேல்மாடி என்றால் போடலாம். 8 அடிக்கு 4 அடிப் பலகை நமது ஒடுங்கிய மாடிப்படியில் திரும்பாது. ஹாட்வெயாரிலேயே இரண்டாக அறுத்து வாங்குங்கள். கீழ்வீடு என்றால் பிளைவூட் வேண்டாம். ஒக்டோபரில் மழை தொடங்கினால் தரை ஈரம் ஊறும், பலகைக்கும் தரைக்கும் நடுவில் கறையான் குடிவந்துவிடும். எந்த விரிப்பாக இருந்தாலும் கிழமைக்கு ஒருமுறை தூக்கி அடியைத் துடையுங்கள். வியர்வை உப்புக்கு எறும்பும் வரும்.

5. என்ன வாங்குவது, எந்த ஒழுங்கில்

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதல் மாதம் விரிப்பும் இழுவை றப்பர் பட்டிகளும் மட்டும். அந்த மாதம் கிழமைக்கு மூன்று நாள் செய்தீர்கள் என்றால் இரண்டாவது மாதம் டம்பெல் வாங்குங்கள். செய்யவில்லை என்றால் மிச்சக் காசு உங்கள் கையிலேயே இருக்கும்.

35,000 ரூபாய் ஒதுக்குகிறீர்கள் என்று வைப்போம். நான் இப்படிப் பிரிப்பேன்: பாதி டம்பெல்லுக்கு, ஏழாயிரம் எட்டாயிரம் தரைக்கு, நான்காயிரம் பட்டிகளுக்கு, மிச்சம் ஏற்றிறக்கும் கூலிக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை போன்ற சில்லறைக்கும். பெஞ்ச் வாங்க வேண்டாம். தரையில் படுத்தபடியே நெஞ்சுப் பயிற்சி செய்யலாம். சின்ன அறையில் பெஞ்ச் என்பது உடுப்புக் காயப்போடும் கதிரையாகத்தான் முடியும்.

டம்பெல்லில் பிளேட் கழற்றி மாட்டும் வகையை வாங்குங்கள். சோடி மொத்தம் 20 கிலோ தொடக்கத்துக்குப் போதும். பிறகு பிளேட் மட்டும் சேர்க்கலாம். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது: கம்பியின் தடிப்பு. சந்தையில் 25, 28, 30 மில்லிமீற்றர் என்று பல கம்பிகள் ஓடுகின்றன. ஒலிம்பிக் அளவு என்றால் 50. இன்று 25 மில்லிமீற்றர் ஓட்டை உள்ள பிளேட் வாங்கி, அடுத்த வருடம் பழைய சாமானாக 30 மில்லிமீற்றர் கம்பி வாங்கினால் இரண்டும் சேராது. மாறி, ஓட்டை பெரிதாக இருந்தால் பிளேட் கடகடவென்று ஆடும். முதல் சோடி வாங்கியதும் கம்பியின் தடிப்பை அளந்து போனில் எழுதிவையுங்கள். பிறகு எதை வாங்கினாலும் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பியின் மரையையும் பாருங்கள். நட்டைக் கையால் கடைசி வரை சுற்றுங்கள்; நடுவில் இறுகினாலோ தளர்ந்தாலோ வேண்டாம். நட்டின் உட்பக்கம் றப்பர் வளையம் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் நட்டை இறுக்கிப் பாருங்கள். தலைக்கு மேல் தூக்கும்போது நட்டு கழன்றால் அட்வான்ஸைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

பிளாஸ்டிக் உறைக்குள் சீமெந்து நிரப்பிய பிளேட்டுகளைப் பற்றிப் பலர் குறைவாகப் பேசுவார்கள். பருமன் கூட, விழுந்தால் வெடிக்கும், உண்மைதான். ஆனால் கறள் பிடிக்காது. கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்கு 5 கிலோவுக்கு உட்பட்ட பிளேட்டுகளுக்கு அது மோசமில்லை என்பதே என் எண்ணம். அதற்கு மேலே இரும்பு. ஏழடிப் பார்பெல் கம்பியைச் சின்ன அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம், திருப்ப இடம் இல்லை.

காசே இல்லை என்றால் மணல்மூட்டை. 10 லீற்றர் வாளி நிறையக் காய்ந்த மணல் ஏறக்குறைய 15, 16 கிலோ நிறுக்கும். தடித்த பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அதை உரப்பைக்குள் வைத்து வாயைத் தைத்துவிட்டால் குந்தி எழும்பவும் தோளில் சுமந்து நடக்கவும் அருமையான சாமான். மணலை ஹாட்வெயாரில் வாங்குங்கள். "கடல் பக்கத்தில்தானே இருக்கிறது" என்று கரையில் அள்ளாதீர்கள். அதற்கு அனுமதி வேண்டும், தவிரவும் உப்பு மணல் ஈரத்தை இழுத்து மூட்டையை நாறவைக்கும்.

6. எங்கே வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது

இரும்பின் விலையை எப்போதும் கிலோக் கணக்கில் பாருங்கள், ஏற்றுகூலியையும் சேர்த்து. 20 கிலோ செற் 14,000 என்று போட்டிருந்து, திருமலைக்கு அனுப்ப 2,000 கேட்டால் உங்களுக்கு விழும் விலை கிலோ 800. டவுனில் ஒரு கடைக்காரர் கிலோ 780 என்றால் அவரிடமே வாங்குங்கள். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் அளவு தூரம் இரும்பை ஏற்றிக்கொண்டு வருவதில் யாருக்கும் லாபமில்லை. பட்டி, விரிப்பு போன்ற எடையில்லாத சாமானுக்கு மட்டும் இணையக் கடை சரி.

கூரியரில் வந்தால், பெட்டியை வெட்டத் தொடங்குவதிலிருந்து கடைசிச் சாமானை வெளியே எடுக்கும் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். எனக்கு வந்த பெட்டியொன்றில் ஒரு பிளேட் வெடித்திருந்தது. விற்றவர் கூரியரைக் குற்றம் சொன்னார், கூரியர் பொதி கட்டியவரைச் சொன்னது. வீடியோவை அனுப்பிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள்.

பழைய சாமான் வாங்குவது நல்ல வழி. இக்மன் விளம்பரத் தளத்திலும் பேஸ்புக்கிலும் பாருங்கள், முக்கியமாக ஜனவரியில் வாங்கியவர்கள் அலுத்துப்போகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில். நேரில் போய்ப் பாருங்கள். பிளேட்டில் மேலாகப் படிந்த கறள் பிரச்சினை இல்லை, தேய்த்தால் போகும். கம்பியின் மரைக்குள் கறள் தின்றிருந்தால் விட்டுவிடுங்கள். பழைய இரும்புக் கடைகளையும் எட்டிப் பாருங்கள். அங்கே சில நேரம் பிளேட்டும் இரும்பு விலைக்கே கிடைக்கும். ரசீது எதுவாக இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் இங்குள்ள சூட்டுக்கு மாதக்கணக்கில் வெளிறிவிடும், உத்தரவாதம் கேட்டுப் போகும்போது வெறும் வெள்ளைத் தாள்தான் கையில் இருக்கும்.

7. தொங்கும் பயிற்சி: இதில்தான் வீடுகள் பழுதாகின்றன

கதவு நிலையில் கொளுவும் கம்பி படத்தில் அழகாக இருக்கும். அது கதவு நிலைக்கு மேலே சட்டம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வீடுகளுக்குச் செய்தது. இங்கே பெரும்பாலும் மரநிலை சுவர்ப் பூச்சோடு மட்டமாக நிற்கும், கொளுவ இடம் இல்லை. இரண்டு பக்கமும் முறுக்கி இறுக்கும் வகை நிற்கும், ஆனால் பூச்சைக் கிளப்பிவிடும். நிலை பழையதென்றால் ஆளோடு சேர்ந்து இறங்கவும் கூடும். சுவரில் போல்ட் அடிப்பதை மறந்துவிடுங்கள். சீமெந்துக் கல்லின் உள்ளே பெரும்பாலும் பொள்ளல். போல்ட் பிடித்தாலும் ஒப்பந்தம் பிடிக்காது.

ஜன்னல் கிறிலைத் தொடவே வேண்டாம். பட்டியைக் கட்ட அதைவிட வசதியான இடம் இல்லை என்றுதான் தோன்றும். கடல் பார்த்த பக்கத்துக் கிறிலின் திருகாணிகளைக் கிட்டப் பாருங்கள், தலை மட்டும் பெயின்றில் மினுங்கும். கழற்றினால் உள்ளே பாதி இருக்காது. இழுத்த வேகத்தில் கிறில் முகத்துக்கு வரும்.

பட்டியைக் கதவில் மாட்டலாம். பட்டியோடு வரும் நாடாவைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டுங்கள். நீங்கள் இழுக்கும் பக்கத்துக்குக் கதவு திறக்கக் கூடாது, மற்றப் பக்கம் திறக்க வேண்டும். நாடாவைப் பிணைச்சல் பக்கமாக வைத்தால் இன்னும் உறுதி. கதவை உள்ளிருந்து தாளிடுங்கள். பிள்ளைகள் ஓடிவந்து திறப்பார்கள்.

நான் தொங்கும் பயிற்சியை வீட்டில் செய்வதில்லை. மைதானத்தில் கம்பி இருக்கும்போது வீட்டை ஏன் உடைப்பான்? வீட்டில்தான் வேண்டும் என்றால் வெல்டிங் கடையில் தனியாக நிற்கும் ஸ்டாண்ட் ஒன்று செய்விக்கலாம். 2 அங்குலச் சதுர இரும்புக் குழாய், குழாயின் தகட்டுத் தடிப்பு 3 மில்லிமீற்றர், அடிக்கால் 4 அடிக்குக் குறையாமல், போல்ட்டால் கழற்றி இறக்கும்படி. முழுதாக ஒட்டித் தந்தால் அது மாடிப்படியால் ஏறாது, ஏறினாலும் இறங்காது.

8. ஓடும் மெஷின், கரண்ட், மீற்றர்

ட்ரெட்மில் வாங்குவதற்கு முன் ஒரு பின்னேரம் டச்பே கடற்கரையில் நடந்து பாருங்கள். அல்லது பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறுங்கள். மான்கள் பாதையை மறிக்கும், அதைத் தவிர வேறு இடைஞ்சல் இல்லை. மக்கெய்சர் மைதானமும் இருக்கிறது. இத்தனையும் இலவசமாக இருக்கும் ஊரில் ஆளின் எடைக்குச் சமமான மெஷினை மேல்மாடிக்கு ஏற்றுவது எனக்கு விளங்காத காரியம். வெளியே நடக்க வசதிப்படாத பெண்களுக்கும், மழைக்காலத்தில் முழங்கால் வருத்தக்காரருக்கும் அது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கணக்கைப் பாருங்கள். ஓடும்போது சராசரி 700 வாற்ஸ், நாளுக்கு முக்கால் மணித்தியாலம் என்றால் மாதம் ஏறக்குறைய 16 அலகு. தனியாக அது சின்னத் தொகை. ஆனால் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண வகையே மாறும். 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் அலகு விலையும் நிலையான கட்டணமும் கூடும். இப்போது 55 அலகு எரிக்கிறவருக்கு அந்த 16 அலகு எங்கே கொண்டுபோய் விடும் என்று கடந்த மூன்று மாத பில்லை வைத்துப் பாருங்கள்.

கீழும் மேலும் ஒரே மீற்றர் என்றால் இன்னும் சிக்கல். உங்களுடைய அலகும் வீட்டுக்காரருடைய அலகும் சேர்ந்து மேல் படிக்குப் போகும். கூடிய தொகை யார் தலையில் என்பதில் மனஸ்தாபம் வரும். துணை மீற்றர் இருக்கிறதா, அலகு என்ன விலைக்குக் கணக்கிடுகிறார் என்பதை மெஷின் வருவதற்கு முன்னமே பேசி முடியுங்கள். பழைய வீடுகளின் 5 அம்பியர் உருண்டை முள் சொக்கற்றில் அடப்டர் போட்டு மெஷினை ஓட்டவேண்டாம். 13 அம்பியர் சதுர முள் சொக்கற்றோ 15 அம்பியர் சொக்கற்றோ நேராக வேண்டும், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பொத்தானை அமத்திப் பாருங்கள்.

9. கறள்

இந்த ஊரில் டம்பெல் வாங்குவது பாதி வேலை, அதைக் காப்பது மற்றப் பாதி. காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; மழை பெய்யாத நாளிலும் அதன் மேற்பரப்பு ஈரமாகவே இருக்கும். வியர்வையும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. குரோம் பூசிய கைப்பிடிதான் முதலில் போகும்: முதலில் குண்டூசி முனை அளவில் பழுப்புப் புள்ளி, பிறகு அந்தப் புள்ளியைச் சுற்றிக் குரோம் செதிலாகக் கிளம்பும், பிறகு அந்தச் செதில் உள்ளங்கையைக் கீறும்.

பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சீலையால் ஒருதரம் துடையுங்கள். உப்பு போவது அதில்தான். உடனே காய்ந்த சீலையால் இன்னொரு தரம். கிழமைக்கு ஒருநாள் தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு மூன்று துளியைச் சீலையில் விட்டு இரும்பு முழுக்க மெல்லிதாகத் தடவுங்கள், மரைக்குள்ளும். கைப்பிடியில் தடவிவிட்டு நன்றாக ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், எறும்பும் மொய்க்கும்.

ஏற்கெனவே கறள் பிடித்த பிளேட்டை வினாகிரியில் ஒரு நாள் ஊறப்போடுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவிட்டு, அன்றைக்கே துருத்தடுப்பு பெயின்ற் அடியுங்கள். "நாளைக்கு அடிப்பம்" என்று விட்டால் காலையில் மறுபடி பழுப்பு நிறம் வந்திருக்கும்.

சாமானைக் கடல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே வைக்கவேண்டாம், தரையிலும் வைக்கவேண்டாம். சின்ன மரத்தட்டு ஒன்றில் ஏற்றுங்கள். பட்டிகளுக்கு உப்பைவிட வெயில்தான் எதிரி. மடித்து அலுமாரிக்குள் போடுங்கள், மாதம் ஒருமுறை இழுத்துப் பிடித்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டி எறியுங்கள், ஒட்டிப் பாவிக்காதீர்கள்.

10. நேரம்

கச்சான் என்னும் சூடான தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மேல்மாடிச் சிலாப் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து இரவு பத்து மணி வரை விட்டுக்கொண்டே இருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு வெளியே காற்று வரும், அறைக்குள் வராது. காலை ஆறிலிருந்து ஏழுதான் நேரம். நிலத்தில் நிற்கும் மின்விசிறி ஒன்று ஜன்னலோரம் இருந்தால் உதவி. தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மேல்மாடியில் குதிக்கும் பயிற்சி எதுவும் செய்யாதீர்கள். டம்பெல் விழும் சத்தத்தைக் கீழே இருப்பவர் பொறுப்பார், ஒரே சீராகக் கேட்கும் "திம் திம்" சத்தத்தைப் பொறுக்கமாட்டார்.

வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நடையைக் கடற்கரைக்கு விட்டுவிட்டால், வீட்டில் கிழமைக்கு மூன்று தடவை அரை மணித்தியாலம் போதும்: குந்தி எழும்புதல், தண்டால், குனிந்து இழுத்தல், பாரம் சுமந்து நடத்தல். பிரஷரோ சீனி வருத்தமோ இருந்தால், நெஞ்சு வலி வந்திருந்தால், கிளினிக்கில் டொக்டரிடம் கேட்ட பிறகு பாரம் தூக்குங்கள்.

11. வீடு மாறும்போது

ஒரு மாதத்துக்கு முன்பே விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கறுப்பு றப்பர் வெளிர்நிற டைல்ஸில் மங்கலாக நிறம் விட்டிருக்கலாம். அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்த்தால் பெரும்பாலும் வெளிறும். கடைசி நாளில் அதைக் கண்டால் தேய்க்க நேரம் இருக்காது.

பிளேட்டுகளைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், அடி பிய்ந்துவிடும். சின்னப் பெட்டி, ஒவ்வொன்றிலும் 15 கிலோவுக்குள். மொத்தம் 60 கிலோ என்றால் ஓர் ஓட்டோவில் உங்களோடு சேர்ந்து போய்விடும். ஸ்டாண்ட், பலகை இருந்தால் சின்னப் பட்டா லொறி ஒன்று பிடிக்க வேண்டும், அதை வீட்டுச் சாமான் ஏற்றும் அதே நாளில் வைத்துக்கொண்டால் கூலி மிச்சம்.

அறை வெறுமையானதும், முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுங்கள். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்திலேயே காட்டுங்கள், சாவியை அதற்குப் பிறகு கொடுங்கள். மீற்றர் இலக்கத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கடைசிக் கரண்ட் பில் நீங்கள் போன பிறகுதான் வரும், எந்த இலக்கம் வரைக்கும் உங்களுடையது என்று காட்ட அது வேண்டும்.